கொழும்பு ஈரப்பதத்தில் எஃப்டிஐஆர்: திரவ எரிபொருள் ஆய்வுக்குச் சரிவருமா?

ராக்கெட்டுகளின் திரவ உந்துபொருள்களின் வேதியியலைப் படிக்க, மேசையில் வைக்கும் எஃப்டிஐஆர் கருவி (ஒரு பொருள் எந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளந்து அதிலுள்ள பிணைப்புகளைக் காட்டுவது) ஒன்றைச் சில வருடங்களாகக் கொழும்பில் பயன்படுத்துகிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்குங்கள், ஆனால் ஈரப்பதத்தோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

கருவியில் மாதிரி வைக்கும் வைரப் பளிங்கின் மேல் ஒரு துளி மண்ணெண்ணெய் விட்டால் போதும், சற்று நேரத்தில் நிறமாலை திரைக்கு வந்துவிடும். அலையெண் (ஒரு சென்ரிமீற்றரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) 2850 முதல் 2960 வரை காபன்-ஐதரசன் பிணைப்புகளின் முகடுகள் உயர்ந்து நிற்கும். நான் தேடுவது அவற்றை அல்ல. 1600-க்குப் பக்கத்தில் தலைகாட்டும் அரோமற்றிக் சேர்வைகளின், அதாவது பென்சீன் வளையம் கொண்டவற்றின், சின்ன முகட்டை. விமானங்களுக்கான ஜெட் ஏ-1 எரிபொருளில் இந்தச் சேர்வைகள் 25 சதவீதம் வரை இருக்கலாம். ராக்கெட்டுக்கான மண்ணெண்ணெய் வகையான ஆர்பி-1-இல் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எரிவதற்கு முன் அதே எரிபொருள்தான் ராக்கெட் எஞ்சின் சுவரிலுள்ள ஒடுங்கிய வழிகளில் ஓடி அதைக் குளிர்விக்கிறது. அரோமற்றிக்கும் ஒலிஃபினும் (காபன்-காபன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்வைகள்) கூடினால் அந்தச் சூட்டில் கரி படியும். படிந்த இடத்தில் வெப்பம் சரியாகக் கடக்காது, சுவர் தாங்காது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு துளியில் பார்க்க முடிவது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

சிக்கலும் அதே இடத்தில்தான். காற்றிலுள்ள நீராவி 1300 முதல் 1900 வரை ஊசி ஊசியாகக் கோடுகளைப் போடும், நமக்கு வேண்டிய முகடு அதற்குள் மாட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் பின்னணியை, அதாவது மாதிரி வைக்காத வெறும் நிறமாலையை, புதிதாக எடுக்கிறேன். கருவிக்கு மேல் குனிந்து மூச்சு விட்டால்கூட 2349-இல் காபனீரொட்சைட்டு எழும்பும். உள்ளே ஒளிக்கற்றையைப் பிரிக்கும் பொற்றாசியம் புரோமைட்டுப் பாகம் ஈரத்தைக் குடித்து மங்கிவிடும் என்பதால், எங்கள் ஆய்வுகூட அண்ணன் ஈரம் உறிஞ்ச வைத்திருக்கும் சிலிக்கா ஜெல்லின் நிறம் மாறும் முன்பே அதைக் காயவைத்து மாற்றுவார். "மழை நாளில ஏசிய மட்டும் நிப்பாட்டாதீங்க" என்பது அவருடைய கண்டிப்பு.

மண்ணெண்ணெயில் மிகச் சொற்பமாக உள்ள கந்தகத்தை இது காட்டாது, அதற்கு வேறு சோதனைதான். இன்னொரு ராக்கெட் உந்துபொருளான ஐதரசன் பரவொட்சைட்டின் நீர்க் கரைசலுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நீரின் அகன்ற முகடுகள் மற்றதை மூடிவிடும். அங்கே சிதறும் லேசர் ஒளியை அளக்கும் ராமன் நிறமாலைதான் நல்லது, 877-க்கு அருகில் ஒட்சிசன்-ஒட்சிசன் பிணைப்பு தெளிவாகத் தெரியும்.

புதிதாக வாங்குபவர்கள் பொற்றாசியம் புரோமைட்டுக்குப் பதிலாக சிங்க் செலினைட்டு (ZnSe) பாகங்கள் உள்ள கருவி வகையைக் கேட்டுப் பாருங்கள். ஈரத்துக்கு அசையாது. மிச்சப் பணத்தில் அறைக்கு ஒரு ஈரப்பத நீக்கி வாங்கிவிடுங்கள்.