‘புது’ யூ.பி.எஸ்.ஸுக்குள் பல்லி முட்டை: 6,800 ரூபாய் போச்சு, நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

நேற்று ராத்திரி என் ‘புது’ யூ.பி.எஸ்.ஸைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே பல்லி முட்டை ஓடு ரெண்டு கிடந்தது. வாங்கி இருபத்திரண்டு நாள்தான் ஆகிறது. கொடுத்த பணம் 6,800 ரூபாய்.

ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு யூ.பி.எஸ். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன். கடையின் பேரைப் போடப் போவதில்லை. ராமநாதபுரம் டவுனில் கம்ப்யூட்டர் விற்று, சர்வீஸும் பார்க்கிற ஒரு கடை, அவ்வளவுதான்.

நான் இருப்பது தங்கச்சிமடம். வீட்டில் ஒரு டெஸ்க்டாப் வைத்து ரெண்டு கருவாட்டுக் கடைக்கும் ஒரு ஐஸ் கம்பெனிக்கும் டேலியில் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும். அந்த ரெண்டு மாசம் வீடு ஓடுவது இந்தப் பெட்டியை நம்பித்தான். கரண்ட் விஷயத்தில், மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தினால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், அதில் குறை இல்லை. கச்சான் காற்று எழும்பினால்தான் வம்பு. கம்பியும் கம்பியும் உரசி, நொடியில் போகும், நொடியில் வரும். ஃபேனுக்கு அது ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டருக்கு அந்த ஒரு நொடி போதும்.

எட்டு வருஷமாக ஒரு 600 வி.ஏ. யூ.பி.எஸ். இருந்தது. வி.ஏ. என்பது பெட்டி எவ்வளவு லோடு தாங்கும் என்று போடுகிற அளவு. மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அதைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு மீன் வரைந்து, என்னிடம் அடியும் வாங்கினாள். பாவம், நல்ல பெட்டி அது. மே மாசம் கரண்ட் போனவுடனே ஒரு நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்காமல் அணைய ஆரம்பித்தது. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கைக்கு வந்ததும் வீட்டுக்காரரே, “முதல்ல உன் பெட்டிக்கு வழி பண்ணு” என்றார்.

பழையதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கடைக்காரர் எழுந்து நின்று, “வாங்கக்கா, எந்த ஊரு?” என்றார். தங்கச்சிமடம் என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. “அட, நம்ம மாமியார் வீடு பாம்பன்தான்க்கா!” பையனை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னார். வெயிலில் வந்த எனக்கு ஃபேனைத் திருப்பி வைத்தார். அந்த டீயில்தான் விழுந்தேன். அதற்கப்புறம் அவர் சொன்னதெல்லாம் ஏதோ சொந்தக்காரத் தம்பி சொல்வது மாதிரியே காதில் விழுந்தது.

என் பழைய பெட்டியைப் பிளக்கில்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. காது பக்கம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். “இது போர்டே போச்சுக்கா, இனி தேறாது. 300 ரூவா கழிச்சுக்கிறேன், இங்கயே போட்டுட்டுப் போங்க. உங்களுக்குக் கணக்கு வேலை, 600 எல்லாம் தாங்காது. 1100 எடுத்துக்கங்க, அரை மணி நேரம் நிம்மதியா நிக்கும்.” விலை 7,100. கழிவு போக 6,800.

சோதித்தும் காட்டினார், அதையும் சொல்லிவிட வேண்டும். மேஜை மேல் இருந்த மானிட்டரை அதில் மாட்டி, சுவர் பிளக்கைப் பிடுங்கினார். மானிட்டர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “பாத்தீங்களா?” பார்த்தேன். மானிட்டர் மட்டும் இழுப்பது இருபது, முப்பது வாட்தான், சாகக் கிடக்கிற பேட்டரிகூட அதைக் கொஞ்ச நேரம் தாங்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பில் கேட்டேன். “ஜி.எஸ்.டி. பில் போட்டா வரி சேர்ந்துரும்க்கா, நமக்குள்ள எதுக்கு?” என்று ஒரு துண்டுச் சீட்டில் ‘யூ.பி.எஸ். 1, 6800’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். ஊரான் கணக்கையெல்லாம் பில் பில்லாகச் சரிபார்க்கிறவள் நான். அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன், பாருங்கள்! வாரண்டி கார்டில் சீல் அடித்து, தேதி இடத்தைக் காலியாக விட்டார். “ரெண்டு வருஷ வாரண்டி. தேதி அப்புறம் போட்டுக்கலாம், உங்களுக்குத்தான் லாபம்.” எனக்கும் லாபமாகத்தான் தெரிந்தது. ஜிபேயில் 6,800 போட்டேன். கடைப் பையன் பெட்டியை ஒற்றைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றினான். புது மாடல் எவ்வளவு லேசாக வருகிறது என்று வழியெல்லாம் சந்தோஷப்பட்டேன்.

ஒன்பதாம் நாள் கச்சான். மாசக் கடைசி. ஐஸ் கம்பெனியின் விற்பனைக் கணக்கை 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்காக ஏற்றிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. யூ.பி.எஸ். ‘கீக்’ என்று ஒரே ஒரு சத்தம். திரை கறுத்துவிட்டது. அரை மணி நேரம் நிற்கும் என்றாரே, அரை நொடி நிற்கவில்லை. கரண்ட் வந்து திறந்தால் டேலி டேட்டா கெட்டுப்போயிருந்தது. மூன்று நாள் முன்னால் பென்டிரைவில் எடுத்த பேக்கப் இருந்ததால் பிழைத்தேன். அந்த மூன்று நாள் வேலையை ரெண்டு ராத்திரி உட்கார்ந்து திரும்ப அடித்தேன்.

போன் செய்தேன். “சார்ஜ் ஏறியிருக்காதுக்கா, ஒரு நாள் முழுக்கப் பிளக்லயே விடுங்க.” விட்டேன். அதே ‘கீக்’. மறுபடி போன். “உங்க வீட்டு எர்த் சரியில்ல.” பாம்பனில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் அக்கா மகனைக் கூப்பிட்டேன். அவன் மீட்டர் வைத்துப் பார்த்தான், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ரெண்டு வோல்ட்கூட இல்லை. “எர்த்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு சித்தி.” அதைச் சொன்னால், “அப்ப உங்க சிஸ்டம் லோடு அதிகம்க்கா.” 1100 தாங்கும் என்று சொன்ன அதே வாய்!

பஸ்ஸில் தூக்கிக்கொண்டு நேரில் போனேன். போய்வர அரை நாள். டீ இல்லை. “ஓனர் மதுரைக்குப் போயிருக்காரு, நான் சும்மா பாத்துக்கிறேன்” என்கிறார். ஓனர் என்று வேறொருவர் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். “கம்பெனிக்கு அனுப்பணும், இருபது நாள் ஆகும், வச்சுட்டுப் போங்க” என்றார். வைத்தால் இதுவும் போய்விடும் என்று உள்ளுக்குள் ஏதோ சொன்னது, திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், அதுதான் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. “கடலோர ஊருக்கெல்லாம் வாரண்டி கிடையாதுக்கா, உப்புக் காத்துல எல்லாம் அரிச்சுரும்.” பாம்பனில் பெண் எடுத்தவருக்குப் பணம் வாங்கும்போது உப்புக் காற்று தெரியவில்லையா? அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நாலு நாள் கழித்து அந்த டிக்கும் விழவில்லை.

நேற்று சாயங்காலம் கருவாட்டுக் கடைக்குக் கணக்குக் கொடுக்கப் போனபோது அக்கா மகன் பெட்டியையும் தூக்கி வந்தான். நெத்திலி நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் வைத்தான். 5 கிலோ 150 கிராம். “சித்தி, இது 1100 இல்ல.” ஒரு 12 வோல்ட் 7 ஆம்ப் பேட்டரியே ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். 1100 பெட்டியில் பெரும்பாலும் அது ரெண்டு இருக்கும், அதற்கேற்ற டிரான்ஸ்பார்மரும் கனக்கும் என்றான்.

வீட்டுக்கு வந்து திருப்புளியை எடுத்தோம். நாலு ஸ்க்ரூவில் மூன்று துருப்பிடித்தவை, ஒன்று மட்டும் பளபளப்பாக வேறு அளவில் இருந்தது. முன்பக்க ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் 600. உள்ளே ஒரே ஒரு பேட்டரி. அதன் லேபிளைக் கிழித்திருந்தார்கள். பக்கவாட்டில் யாரோ மார்க்கர் பேனாவால் எழுதிய தேதி மட்டும் மிச்சம், 2021. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருந்தது. போர்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் அந்தப் பல்லி முட்டை ஓடுகள். மேல் மூடியை மட்டும் நன்றாகத் துடைத்து பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

இன்று காலை வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தார். சொன்னேன். “திறந்துட்டீங்கள்ல? சீலை உடைச்சாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது.” சீலே இல்லை அதில். வைத்துவிட்டார்.

இன்னொன்றையும் அக்கா மகன் சொன்னான், 6,800 போனதைவிட அதுதான் எரிகிறது. என் சி.பி.யு.வும் எல்.இ.டி. மானிட்டரும் சேர்ந்து 150 வாட்டைத் தாண்டாது. 600 வி.ஏ. பெட்டி 360 வாட் வரை தாங்கும். எனக்கு 1100 தேவையே இல்லை. பழைய பெட்டிக்குப் பேட்டரிதான் செத்திருக்கும், போர்டு போயிருக்க வாய்ப்பில்லை, ஆயிரத்துச் சொச்சத்துக்குப் பேட்டரி மாற்றியிருந்தால் ஓடியிருக்கும் என்கிறான். அதைத்தான் 300 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாயிற்று. ராமநாதபுரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் பில் எங்கே என்றுதானே முதலில் கேட்பார்கள்? என்னிடம் இருப்பது துண்டுச் சீட்டும் ஜிபே கணக்கும். அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் இன்னும் கடலில் இருக்கிறார். நாளைக் காலையில் கரைக்கு வந்ததும் சொல்ல வேண்டும். 8,000-இல் 6,800.

சரி, சொல்கிறேன் என்ற விஷயம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன், தலை வலிக்கிறது. வி.ஏ. எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், வாட் எவ்வளவு என்று கேளுங்கள், சின்னப் பெட்டிகளில் வி.ஏ.வில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். மானிட்டரை மட்டும் மாட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சி.பி.யு.வையும் மாட்டிப் பிடுங்கச் சொல்லுங்கள். பேட்டரி தயாரித்த தேதியைப் பாருங்கள், கடையில் சும்மா கிடந்தாலும் அது செத்துக்கொண்டுதான் இருக்கும். லேசர் பிரிண்டரை யூ.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள். சீரியல் நம்பர் போட்ட ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பழையதைக் கொடுக்கும் முன்னால் பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், கீழக்கரை பக்கம் யாராவது இந்த ஒரு மாசத்துக்குள் ‘புது’ யூ.பி.எஸ். வாங்கியிருந்தால், தயவுசெய்து கவிழ்த்து அடியைப் பாருங்கள். சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு மீன் இருந்தால் அது எங்கள் வீட்டுப் பெட்டி.