அட்மின் உரிமையைப் பறித்து நான்கு ஆண்டுகள்

பினாங்கு, பிறையில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் 14 கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 2021 மே மாதம் முதலாளி உட்பட எல்லாருடைய அட்மின் உரிமையையும் (மென்பொருள் போடவும் கணினியின் அமைப்பை மாற்றவும் உள்ள உரிமை) எடுத்துவிட்டுச் சாதாரணக் கணக்காக மாற்றினேன். பழைய முறைக்கு இனி திரும்பவே மாட்டேன்.

முன்பெல்லாம் ஒரு மென்பொருள் கணினியில் மாற்றம் செய்யப் போகும்போது விண்டோஸ் திரையை மங்கவைத்து அனுமதி கேட்டால் யாரும் படிப்பதில்லை. கை தானாக 'யெஸ்' அழுத்தும். விண்டோஸ் விஸ்டா வந்த 2007-இல் அது தொட்டதற்கெல்லாம் கேட்டது. 2009-இல் விண்டோஸ் 7 கேள்விகளைக் குறைத்தது, ஆனால் அழுத்திப் பழகிய கை மாறவில்லை. அட்மின் கணக்கில் அந்த ஒரு அழுத்து போதும். சாதாரணக் கணக்கில் அதே இடத்தில் அட்மினின் கடவுச்சொல் வேண்டும். அது தெரியாததால் என்னைக் கூப்பிடுகிறார்கள். திரை மங்குவது எரிச்சலாக இருக்கிறது, நிறுத்திவிடு என்று சிலர் கேட்டார்கள். நான் நிறுத்தவில்லை. பின்னால் ஓடும் வேறு மென்பொருள் தானே 'யெஸ்' அழுத்திவிடாமல் காப்பது அதுதான்.

மாற்றிய இரண்டாம் வாரமே பெரிய தலைவலி வந்தது. கணக்குப் பகுதியில் ஒரே கணினியில் காலையில் அக்கா ஒருவர், மாலையில் இன்னொரு கிராணி. அக்கா இரண்டு நாளாகப் பதிந்த வவுச்சர்கள் கிராணியின் திரையில் இல்லை. "நான் போட்டேன் தம்பி, இதோ இருக்கு பார்" என்று அக்கா தன் கணக்கில் திறந்து காட்டினார், கண் கலங்கிவிட்டது. தப்பு அவருடையது இல்லை. அந்தப் பழைய 32-பிட் மென்பொருள் தன் தரவை, மென்பொருள்கள் நிறுவப்படும் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள்ளேயே எழுதும். சாதாரணக் கணக்குக்கு அங்கே எழுத உரிமை கிடையாது. விண்டோஸ் பிழை காட்டாமல், அவரவர் கணக்குக்குரிய 'ஆப்டேட்டா' கோப்புறையில் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற இடத்தில் தனித்தனி நகல் வைத்துவிட்டது. ஆளுக்கொரு கணக்குப் புத்தகம்!

அட்மின் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முதலாளி சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மென்பொருளின் தரவுக் கோப்புறைக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்தேன். அப்புறம் அந்த நகல்களையும் அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் மென்பொருள் அதையேதான் மறுபடி திறக்கும். வவுச்சர்களை நானும் அக்காவும் உட்கார்ந்து திரும்பப் பதிந்தோம்.

அதே ஆண்டு ஆகஸ்டு அப்டேட்டுக்குப் பிறகு பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள் போடுவதற்கும் அட்மின் தேவைப்பட்டது. எல்லாரும் என்னைத்தான் திட்டினார்கள். அச்சு அமைப்பில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதால் மைக்ரோசாஃப்ட் செய்த மாற்றம் அது.

14 கணினிகளுக்கும் ஒரே அட்மின் கடவுச்சொல் வைத்திருந்தது என் தவறு. 2023 ஏப்ரலில் அட்மின் கடவுச்சொல்லைத் தானே மாற்றிப் பாதுகாக்கும் 'லேப்ஸ்' என்ற வசதி விண்டோஸுக்குள்ளேயே வந்தது. இப்போது ஒவ்வொரு கணினிக்கும் வேறு கடவுச்சொல், 30 நாளுக்கு ஒருமுறை தானே மாறுகிறது.

அட்மின் உரிமையை எடுத்ததை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். ஒருவர் எழுதக்கூடிய கோப்புகளை, அவர் கணக்கில் ஓடும் வைரஸும் பூட்டிவிடும். பேக்கப் தனியாக வேண்டும்.

போன மாதம் அந்த அக்கா கூப்பிட்டார். "தம்பி, இன்வாய்ஸ்னு வந்ததைத் திறந்தேன், திரை மங்கி மஞ்சளா ஒரு பெட்டி வருது. பப்ளிஷர் அன்நோன்னு போட்டிருக்கு. நான் எதையும் தொடல." நான் மேலே போய்ச் சேரும்வரை மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.