புளியந்தீவுப் பட்டறையில் செய்வித்த காசு மோதிரம்

ஆறு மாதத்துக்கு முதல் பேஸ்புக்கில் பார்த்து, பழைய வெள்ளிக்காசையே வளைத்துச் செய்ததென்று ஒரு காசு மோதிரம் எடுப்பித்தேன். மூன்றாம் கிழமையே விரலைச் சுற்றிப் பச்சை வளையம். பூச்சுக் கழன்று உள்ளே பித்தளை தெரிந்தது. எழுத்தும் காசில் இருந்த எழுத்தில்லை, அச்சில் வார்த்தது. அந்த ஆத்திரத்தில்தான் அம்மம்மாவின் கொட்டப்பெட்டியைக் கிளறினேன். மூன்று வெள்ளி ரூபாய், இரண்டு ஐம்பது சதம். அந்தக் காலம் இலங்கைக்கென்று அடித்த வெள்ளிக்காசில் பெரியது ஐம்பது சதம்தான். ரூபாய்க்கு இந்தியக் காசே இங்கும் ஓடியது.

ஆரையம்பதியிலிருந்து பஸ் ஏறிக் கல்லடிப் பாலம் கடந்து மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவுக்குப் போனேன். நகைக்கடைகளுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் அந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. அறுபது தாண்டிய தட்டார் ஒருவர், ஒரு மேசை, ஒரு மின்விசிறி. அதுவும் நெருப்புப் பற்றவைத்தால் நிற்பாட்டப்படும்.

காசைக் கையில் வாங்கியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வருசத்தைத்தான் பார்த்தார். "1911 எண்டா நான் வெட்ட மாட்டன் புள்ள" என்றார். "ஏன் மாமா?" என்றதற்கு, ஐந்தாம் ஜோர்ஜ் ராசாவின் அங்கியில் இருந்த யானை அந்த வருசக் காசில் பன்றி மாதிரி விழுந்துவிட்டதாம். சனங்கள் கொதித்துப்போக, காசைத் திருப்பி எடுத்து உருக்கினார்களாம். தப்பிய காசைப் பழங்காசு சேர்ப்பவர்கள் தேடுகிறார்கள். அடுத்த வருசமே யானையைத் திருத்தி அடித்திருக்கிறார்கள். என்னுடையது 1918, பயமில்லை. 1940இலிருந்து வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி என்பதால் அதையும் அவர் எடுப்பதில்லை. என் காசு 11.66 கிராம், பழைய நிறையில் சரியாக ஒரு தோலா. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றுக்கு மேல் வெள்ளி.

அடுத்து அவர் சொன்னதைக் கேட்டுத்தான் கொஞ்சம் யோசித்தேன். இந்த ரூபாயில் வருசம் நட்ட நடுவில், பூச்சுற்றுக்குள்ளே இருக்கிறது. மோதிரமாக்க வேண்டுமென்றால் நடுவைத்தான் வெட்டி எடுக்க வேண்டும். ஆக வருசம் போய்விடும், மறுபக்கத்து ராசாவின் முகமும் போய்விடும். மிஞ்சுவது ஒரு பக்கம் பூவும் இலையும், மறுபக்கம் ராசாவின் பெயர். எது வெளியே வர வேண்டும் என்று கேட்டார். பூ என்றேன். ராசாட பேர் என்ட தோலோட கிடக்கட்டும். ஐம்பது சதத்தில் மரம்தான் நடுவில்; நாட்டின் பெயரும் வருசமும் சுற்றிவர இருப்பதால் மோதிரத்தில் தங்கும். ஆனால் காசு சின்னது, மோதிரமும் ஒடுக்கமாகத்தான் வரும். வருசம் வேண்டுமென்று நினைப்பவர்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் அரைமணி நேரம் கிட்ட இருந்து பார்க்க விட்டார். கவராயத்தால் வட்டம் கீறி, துளை போட்டு, மெல்லிய வாளை உள்ளே விட்டு அறுத்தார். பிறகு நெருப்பு. வெளிச்சத்தில் சூடு தெரியாதென்று கதவைச் சாத்தினார். காசு மங்கல் சிவப்பாக வந்ததும் இடுக்கியால் தூக்கித் தண்ணீரில் போட்டார், சுர்ரென்றது. கூம்பு இரும்பில் மாட்டி, தோல் சுற்றிய சுத்தியலால் தட்டத் தட்ட, தட்டையாய்க் கிடந்தது மெல்ல மெல்லக் கிண்ணம் மாதிரி மடிந்தது. நாலு தட்டு, திரும்ப நெருப்பு. "காச்சாமத் தட்டினா வெடிச்சிரும்கா." கறுத்துப் போனதைக் கொதித்த புளித்தண்ணியில் போட்டு வெளுப்பாக்கினார். கடைசியில் பூவின் பள்ளத்தைக் கறுப்பாக்க அவித்த முட்டை மஞ்சட்கருவோடு டப்பாவில் மூடி வைப்பாராம். இரவு முழுக்கக் கிடந்து காலையில் மேட்டை மட்டும் துடைத்தால் பூ எழும்பி நிற்கும். இதை நான் பார்க்கவில்லை, மோதிரத்தில் பார்த்தேன், நன்றாகத்தான் நிற்கிறது.

இனிக் குறை. வெள்ளிக்கிழமை வா என்றார். போனால் கதவு பூட்டு. திங்கள் போனேன், இன்னும் நெருப்பில் வைக்கவில்லை. மூன்றாம் தரம்தான் கையில் கிடைத்தது. காசை வாங்கும்போது ஒரு துண்டுகூட எழுதித் தரவில்லை. பழைய சாமானைக் கொடுத்துவிட்டுச் சும்மா வரும்போது வயிறு கலங்கத்தான் செய்தது. கைத்தொலைபேசியில் காசின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துக்கொண்டு கொடுங்கள்.

பெரிய குறை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நான் தையற்காரி. அன்றைக்கு மேசையில் ஒரு ஜோர்ஜெட் சாறி கிடந்தது. கையால் தடவினேன், நூல் இழுபட்டுவிட்டது! பார்த்தால், காசு விளிம்பில் உள்ள பல் அப்படியே மோதிரத்தின் ஒரு கரையில் கிடக்கிறது. பார்க்க வடிவு, துணிக்குப் பகை. திரும்பக் கொண்டுபோனேன். முகம் சுளிக்காமல், பல்லை முழுக்க அழிக்காமல் மூலையை மட்டும் அரத்தால் மழுக்கிக் கொடுத்தார், அதற்குக் கூலி வாங்கவில்லை. அதற்குப் பிறகு வொயில், நைலெக்ஸ், ஜோர்ஜெட் எல்லாவற்றிலும் தடவிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. சாறிக்காரிக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை.

கூலி 4,500 ரூபா, காசு நம்முடையது. உழைப்பைப் பார்த்தவளுக்கு அது கூடவாகத் தெரியவில்லை. அளவு கொடுக்கப் பின்னேரம் போங்கள்; காலையில் கொடுத்தால் வெயிலுக்கு விரல் வீங்கி மோதிரம் கழற்ற முடியாமல் போகும். எனக்கு நடந்ததில்லை, அவரே சொன்னார்.

வெட்டி எடுத்த நடுத்துண்டைக் கேட்டு வாங்க மறக்க வேண்டாம். ஒரு பக்கம் 1918, மறுபக்கம் காதும் தாடியும். கடதாசியில் சுற்றித் தந்தார். தையல் மெசின் லாச்சிக்குள் பொபினோடு போட்டு வைத்திருந்தேன். நேற்று மகள் எடுத்து வந்து, "அம்மா, இந்தப் பொத்தானுக்கு ஓட்டை எங்க?" என்கிறாள்.