ஸ்நோமொபைல் பின் சஸ்பென்ஷன்: பாதை ஓட்டத்திற்கு எது, தாவலுக்கு எது?

பனியில் ஓடும் வண்டியான ஸ்நோமொபைலை வாங்குவோர் எஞ்சின்களை ஒப்பிடுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது பின் சஸ்பென்ஷனுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாள் முழுவதும் ஓட்டி முடித்தபின் முதுகும் முழங்காலும் எந்த நிலையில் இருக்கும், வளைவில் முன்புறச் சறுக்குப் பலகைகளான ஸ்கீக்கள் பனியைப் பற்றிக்கொள்ளுமா வழுக்குமா, உயரத்திலிருந்து இறங்கும்போது அந்த அடி எங்கே போய்ச் சேரும் என்பவற்றையெல்லாம் ரப்பர் டிராக்கின் வளையத்துக்குள் மறைந்திருக்கும் அந்தச் சட்டகமே பெருமளவு தீர்மானிக்கிறது. சீரமைத்த பனிப்பாதைகளில் ஓட்டுவதற்கும் மேடுகளிலிருந்து தாவி இறங்குவதற்கும் சந்தையில் உள்ள பின் சஸ்பென்ஷன்கள் எந்த அளவு பொருந்துகின்றன என்பதை இங்கே மதிப்பிட்டிருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டையும் குறையின்றிச் செய்யும் சஸ்பென்ஷன் எதுவும் இல்லை; ஆனால் தவறாகத் தேர்ந்தெடுப்பதால் வரும் இழப்பு இரு பக்கமும் சமமாக இருப்பதில்லை. தாவலுக்கான கடினமான அமைப்பைப் பாதைக்குக் கொண்டுவருபவர் சௌகரியத்தை இழக்கிறார். பாதைக்கான மென்மையான அமைப்பில் ஏறித் தாவுபவரோ சட்டகத்தின் ரெயிலை வளைத்துக்கொள்கிறார், சில வேளைகளில் முதுகெலும்பையும் காயப்படுத்திக்கொள்கிறார்.

அமைப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். இரண்டு நீண்ட அலுமினிய ரெயில்களின் அடிப்புறத்தில், டிராக் வழுக்கிச் செல்வதற்காக ஹைஃபேக்ஸ் எனப்படும் பிளாஸ்டிக் பட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். அந்த ரெயில்களை வண்டியின் உடலோடு இணைப்பவை முன் கை, பின் கை என்னும் இரண்டு கைகள். பெரும்பாலான வடிவமைப்புகளில் ஒவ்வொன்றுக்கும் அதிர்வை அடக்கும் ஷாக் தனித்தனியே உண்டு. முன் கையோடு லிமிட்டர் ஸ்ட்ராப் என்னும் பட்டை கட்டப்பட்டிருக்கும். அந்தக் கை எவ்வளவு தூரம் கீழே விரியலாம் என்பதற்கு அதுவே எல்லை. ஓட்டுநரின் எடையில் பெரும்பகுதியைப் பின் கை சுமக்கிறது. முன் கை, ஸ்கீக்களின் மீது எவ்வளவு எடை விழும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. இந்த வேலைப் பங்கீடு புரியாமல் பின் சஸ்பென்ஷனை மதிப்பிட முயன்றால், திசைதிருப்பலில் உள்ள குறைக்கும் ஸ்கீயையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

பாதை ஓட்டம் சஸ்பென்ஷனிடம் கேட்பது பொறுமையை. பல வண்டிகள் சென்றுவந்த பனிப்பாதையில் சிறிய மேடுகள் வரிசையாக எழும்பிவிடுகின்றன. ஒரு மீட்டருக்கு ஒரு மேடு இருப்பதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 முறை அடி வாங்குகிறது. இத்தகைய அடிகள் ஒவ்வொன்றும் சிறியவை. ஆனால் ஷாக்கின் தண்டு மிக வேகமாக உள்ளே தள்ளப்படுகிறது. அந்தக் கணத்தில் ஷாக் இறுகி நின்றால் அடி நேராக இருக்கைக்கு வந்துவிடும். ஆகவே இயக்கத்தின் முதல் மூன்றில் ஒரு பகுதி மிருதுவாக இருக்க வேண்டும், மூட்டுகளில் உராய்வு குறைவாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அமுங்கிய ஷாக் அடுத்த மேடு வருவதற்குள் மீண்டும் விரிந்துவிட வேண்டும். ரீபவுண்ட் எனப்படும் இந்த விரிதல் மிக மெதுவாக இருந்தால் சஸ்பென்ஷன் ஒவ்வொரு மேட்டிலும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்துகொண்டே போய், சிறிது தூரத்தில் அசைய இடமின்றி மரக்கட்டையைப் போல் ஆகிவிடும். ஸ்பிரிங் கடினமாக இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்ளும் குறை, உண்மையில் மெதுவான ரீபவுண்டின் விளைவாக இருப்பதை அடிக்கடி காணலாம். அவர்கள் இன்னும் மென்மையான ஸ்பிரிங்கைப் போட்டால் நிலைமை மோசமாகவே செய்யும்.

இதில் டிராக்கின் நீளத்திற்கும் பங்குண்டு. 120 அல்லது 121 அங்குல டிராக் ஒரு குழிக்குள் இறங்கி ஏறும் இடத்தில், 137 அங்குல டிராக் இரு மேடுகளின் தலைகளையும் தொட்டுக்கொண்டு கடந்துவிடும். பாதையில் நீண்ட நேரம் ஓட்டுபவருக்கு, அதே சஸ்பென்ஷனின் நீளமான வடிவம் விலையுயர்ந்த ஷாக்கைக் காட்டிலும் அதிகப் பலன் தரக்கூடும்.

தாவலின் கணக்கு முற்றிலும் வேறு. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து சமதளத்தில் விழும் வண்டி, தரையைத் தொடும் கணத்தில் செங்குத்தாக நொடிக்கு 6.3 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தை 30 சென்டிமீட்டர் இயக்கத்துக்குள் முழுமையாக நிறுத்த வேண்டுமானால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போல் ஆறேழு மடங்கு எதிர்முடுக்கம் தேவை. முப்பது சென்டிமீட்டரும் சீராகப் பயன்பட்டால்தான் அந்தச் சராசரியே கிடைக்கும். பாதைக்காக மென்மையாக்கிய சஸ்பென்ஷன் முதல் பதினைந்து சென்டிமீட்டரை ஏறக்குறைய எதிர்ப்பின்றி விட்டுக்கொடுத்துவிடுவதால், மீதியுள்ள தூரத்துக்குள் எல்லா ஆற்றலையும் அடக்க வேண்டிய கட்டாயம் வருகிறது. அடக்க முடியாதபோது சஸ்பென்ஷன் அடியில் முட்டுகிறது. மிஞ்சிய ஆற்றல் ரெயில்களுக்கும் அவற்றில் கைகள் இணையும் இடங்களுக்கும் ஓட்டுநரின் உடலுக்கும் போகிறது. தாவலுக்கான சஸ்பென்ஷனில் நான் முதலில் பார்ப்பது, இயக்கத்தின் கடைசி மூன்றில் ஒரு பகுதியில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதையே. உள்ளே போகப் போக எதிர்ப்பு அதிகரிக்கும் ஏறுமுக வடிவமைப்பா, அல்லது கைகளின் கோணம் மாறுவதால் உள்ளே போகப் போக ஷாக்கின் பிடி தளரும் இறங்குமுக வடிவமைப்பா என்பதே அங்கு கேள்வி.

இறங்கும் இடத்தின் சரிவும் கணக்கில் சேர வேண்டும். ஸ்நோமொபைல் சாகச வீரர் லெவி லவாலி 2011 டிசம்பர் 31 அன்று சான் டியாகோவில் ஸ்நோமொபைலில் 412 அடி தூரம் தாவினார். அவ்வளவு தூரம் பறந்தவர் நலமாக இறங்கியது, சரிவான இறங்குதளம் செங்குத்து வேகத்தின் பெரும்பகுதியை முன்னோக்கிய ஓட்டமாகத் தொடரவிட்டதால்தான். மேடுகளில் தாவி ஓடும் ஸ்நோகிராஸ் பந்தயக் களங்களிலும் இறங்குசரிவுகள் உண்டு. பாதையோரத்து மேட்டிலிருந்து தாவுபவருக்குப் பெரும்பாலும் அந்த வசதி கிடைப்பதில்லை, சமதளத்திலேயே விழுகிறார். ஆகவே, சிறிய தாவல்தானே என்று நினைப்பவருக்கும் நல்ல சஸ்பென்ஷன் தேவைப்படுகிறது.

இனி, தேர்வின் மையமான பிரச்சினைக்கு வருகிறேன். முன் கையும் பின் கையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்க வேண்டுமா, தனித்தனியே இயங்க வேண்டுமா? பிணைந்த அமைப்பில், பின் கை குறிப்பிட்ட அளவைத் தாண்டி அமுங்கும்போது கப்ளர் என்னும் தடுப்பு, முன் கையையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. தாவி இறங்கும் வண்டியில் வழக்கமாகப் பின்பகுதியே முதலில் தரையைத் தொடும் என்பதால், இந்த ஏற்பாடு பெரும் உதவி செய்கிறது. பின் ஷாக் தனியாகச் சுமக்க வேண்டிய அடியை இரு ஷாக்குகளும் பகிர்ந்துகொள்கின்றன. பின்புறம் மட்டும் உதைத்து எழும்பி ஓட்டுநரைக் கைப்பிடியின் மேல் தள்ளுவதும் குறைகிறது. வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எடை பின்னால் சரிந்து ஸ்கீக்கள் லேசாகிவிடுவதையும் பிணைப்பு கட்டுப்படுத்துகிறது. இதற்கு நாம் கொடுக்கும் விலை என்னவென்றால், தொடர் மேடுகளில் ஒரு கையின் அசைவு மற்றொன்றைத் தடுக்கிறது. பிணைப்பில்லாத அமைப்பு அதே மேடுகளை அழகாக விழுங்கும், முன்புறத்தை எளிதாகத் தூக்கவும் இடம் தரும். ஆனால் ஸ்கீயின் பிடியை லிமிட்டர் ஸ்ட்ராப்பும் முன் கையின் ஸ்பிரிங்கும் மட்டுமே காக்க வேண்டியிருக்கும்.

தயாரிப்புகளில் இது எப்படி வெளிப்படுகிறது? ஆர்க்டிக் கேட்டின் ஸ்லைட்-ஆக்ஷன் பிணைந்த வகையைச் சேர்ந்தது. ஆனாலும் முன் கையின் இணைப்பு சற்று நகர்ந்து கொடுப்பதால், பிணைப்பின் இறுக்கம் பாதையில் அவ்வளவாகத் தெரிவதில்லை. பாதையும் சிறு தாவல்களும் கலந்த ஓட்டத்துக்கு இந்தச் சிந்தனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. போலாரிஸின் ஐஜிஎக்ஸ் பிணைந்த அமைப்பு; பாதையிலிருந்து இறங்கி ஆழமான பனிக்குள்ளும் செல்பவர்களுக்கு ஏற்றது, ஸ்கீக்களைத் தரையில் வைத்திருப்பதே அதன் பலம். பிணைப்பில்லாத அமைப்பு வேறு வகை. நின்றுகொண்டே ஓட்டி, எடையை முன்னும் பின்னும் மாற்றி வண்டியை ஆளத் தெரிந்தவர் கையில் அது துள்ளலாக இருக்கும், உட்கார்ந்தே ஓட்டுபவருக்கு வளைவுகளில் முன்புறம் லேசாக இருப்பதாகத் தோன்றும். ஸ்கீ-டூவின் ஆர்-மோஷனும், 2023 மாடல்களில் வந்த அதன் அடுத்த வடிவமான ஆர்-மோஷன் எக்ஸும் ஏறுமுக எதிர்ப்பை நன்றாகப் பயன்படுத்துகின்றன. தொடக்கத்தில் இளகியும் கடைசியில் இறுகியும் நிற்பதால், பெரும்பாலும் பாதையில் ஓட்டி எப்போதாவது தாவுபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இவற்றையே. 2010-இல் வந்த போலாரிஸ் ரஷ், பின் ஷாக்கை டிராக்கின் வளையத்திலிருந்து வெளியே எடுத்துக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தது. பழைய வண்டியாகக் கிடைத்தால் ஷாக்கை எளிதில் எட்டிச் சரிசெய்யலாம் என்ற ஒன்றுக்காகவே அதைக் கருத்தில் கொள்ளலாம். சௌகரியத்தை மட்டுமே நாடுவோர் எம்-10 என்னும் சஸ்பென்ஷனின் பெயரை இன்னும் மரியாதையோடு சொல்கிறார்கள். கரடுமுரடான பாதையில் அதன் மென்மைக்கு ஈடானவை குறைவு, ஆனால் தாவலுக்கென்று அதைத் தேடிப் போவதில் பொருளில்லை.

சட்டகத்தைக் காட்டிலும் ஷாக்குகளுக்கே அதிகக் கவனம் தேவை என்றுகூடச் சொல்லுவேன். விலை குறைந்த வண்டிகளில் வரும், பிரித்துப் பழுதுபார்க்க முடியாத ஷாக்குகள் புதிதாக இருக்கும்வரை நன்றாகவே இருக்கும். நீண்ட, கரடான ஓட்டத்தில் எண்ணெய் சூடாகிக் குமிழிகள் உண்டாகும்போது அவற்றின் பிடி தளர்கிறது. தாவி இறங்கும் இடத்தில் அந்தத் தளர்ச்சி ஆபத்தானது. தனி எண்ணெய்க் கலமும் அழுத்த நைட்ரஜனும் கொண்ட, பிரித்துப் புதுப்பிக்கக்கூடிய ஷாக்குகளே தாவலுக்குத் தகுதியானவை. ஃபாக்ஸின் கியூஎஸ்3 வகையில் கையாலேயே திருப்பக்கூடிய மூன்று நிலைகள் உள்ளன. பாதையில் முதல் நிலையிலும் தாவும் நேரத்தில் மூன்றாம் நிலையிலும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், இருவகை ஓட்டமும் விரும்புவோருக்கு இது நியாயமான சமரசம். காற்றையே ஸ்பிரிங்காகக் கொண்ட ஃபுளோட் வகை எடை குறைந்தது, இயல்பாகவே கடைசியில் இறுகக்கூடியது. ஆனால் வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸ் அறையில் காற்றடைத்து மைனஸ் 20 டிகிரிக்கு எடுத்துச் சென்றால், உள்ளே உள்ள மொத்த அழுத்தம் சுமார் 14 சதவீதம் குறைந்துவிடும். வண்டியை வெளியே நிறுத்திக் குளிர்ந்தபின்பே அழுத்தத்தைச் சரிபார்க்க வேண்டும்.

போட்டிக்கான ஸ்நோகிராஸ் வண்டியின் சஸ்பென்ஷனை அப்படியே பாதைக்கு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. தடித்த ரெயில்கள், வலுவூட்டிய கைகள், கடினமான ஸ்பிரிங்குகள், முரட்டுத்தனமான கம்ப்ரெஷன் (அமுங்குவதற்கு ஷாக் காட்டும் எதிர்ப்பு) ஆகியவை பெரிய அடிகளுக்காக அளவெடுத்துச் செய்யப்பட்டவை. சின்ன மேடுகளில் அவை அசையவே மறுக்கும். பாதையில் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். மாறாக, பாதை வண்டியில் அவ்வப்போது தாவ விரும்புபவர் நல்ல ஷாக்குகளைப் போட்டு, வால்வுகளைத் தன் எடைக்கேற்ப மாற்றி, ரெயில்களுக்கு வலுவூட்டும் தகடுகளையும் பொருத்திக்கொண்டால் போதுமான பாதுகாப்பு கிடைக்கும்.

எதை வாங்கினாலும், ஓட்டுநரின் எடைக்கேற்ற ஸ்பிரிங் அமையாவிட்டால் மேற்சொன்ன ஒப்பீடுகள் எதற்கும் பொருளில்லை. முழு உடுப்போடு இருக்கையில் அமர்ந்தபோது மொத்த இயக்கத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை அமுங்கினால் அது பாதைக்கு ஏற்ற தொடக்கம். தாவலுக்கு அதைவிடச் சற்றுக் குறைவாக அமுங்குவது நல்லது. ஸ்பிரிங்கின் முன்இறுக்கமான ப்ரீலோடைக் கடைசி நிலைக்குத் திருப்பியும் வண்டி அளவுக்கு மீறித் தாழ்ந்தால், முறுக்கு வகையான டார்ஷன் ஸ்பிரிங்கையே அடுத்த கடினத்துக்கு மாற்ற வேண்டும். ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டால், அன்றைய ஓட்டத்தில் எவ்வளவு இயக்கம் பயன்பட்டது என்பதை அது நின்ற இடம் காட்டிவிடும். நாளின் மிகக் கடுமையான அடியில் மட்டும் அது முடிவைத் தொட்டால் அமைப்பு சரி. சிறு மேடுகளிலேயே தொட்டுவிட்டால் முதலில் ஸ்பிரிங்கையும் பிறகு கம்ப்ரெஷனையும் கவனியுங்கள்; எப்போதும் பாதியிலேயே நின்றால், பயன்படுத்தாத இயக்கத்தைச் சுமந்துகொண்டு திரிகிறீர்கள். லிமிட்டர் ஸ்ட்ராப்பை ஒரு துளை சுருக்கினால் ஸ்கீயின் பிடி கூடும், முன்புறம் எழும்புவது குறையும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே பாதைப் பகுதியில் மீண்டும் ஓட்டிப் பாருங்கள். தாவிய நாள்களின் முடிவில் முன் கை ரெயிலோடு இணையும் போல்ட்டுகள், டிராக்கைத் தாங்கும் ஐட்லர் சக்கரங்களின் பேரிங்குகள், லிமிட்டர் ஸ்ட்ராப்பின் தையல் ஆகியவற்றைக் கட்டாயம் பாருங்கள். தையல் பிரியத் தொடங்கிய ஸ்ட்ராப்பை அடுத்த ஓட்டத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.