கொலையைக் காட்டாத கொலை வழக்கு: ‘அனாட்டமி ஒஃப் எ மர்டர்’

ஒட்டோ பிரெமிங்கர் 1959 இல் எடுத்த ‘அனாட்டமி ஒஃப் எ மர்டர்’ படத்தைப் போன கிழமை திரும்பவும் பார்த்தேன். கறுப்பு வெள்ளை, இரண்டு மணி நாற்பது நிமிடம். நீதிமன்றப் படங்களில் எனக்கு இன்றைக்கும் இதுதான் முதலிடம். திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்கராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். வழக்கு மன்றுக்குப் போகுமுன்பே அலுவலக வாங்கில் பாதி நடந்து முடிந்துவிடும். அந்தப் பாதியை இவ்வளவு சரியாகக் காட்டிய வேறு படம் நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சிற்றூர். லெப்டினன்ட் மேனியன் ஒரு மதுக்கடைக்காரனைச் சுட்டுக் கொல்கிறான். தன் மனைவி லோராவை அவன் வன்புணர்ந்தான் என்பது காரணம். சுட்டது யார் என்பதில் சந்தேகமே இல்லை. வாதாட வருபவர் போல் பீக்லர். அரச வழக்குத்தொடுநராக இருந்து, தேர்தலில் தோற்று, ஆற்றில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பவர். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்திருக்கிறார். கொலையையும் வன்புணர்வையும் படம் ஓரிடத்திலும் காட்டுவதில்லை. ஆட்கள் சொல்வதை மட்டும் கேட்கிறோம், ஜூரிமார் மாதிரியே.

இந்த முறை என்னைப் பிடித்து வைத்தது சிறையில் நடக்கும் பேச்சு. கொலைக் குற்றச்சாட்டுக்கு எத்தனை விதமாக எதிர்வாதம் செய்யலாம் என்று பீக்லர் சட்டத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கொலையே நடக்கவில்லை எனலாம், நான் செய்யவில்லை எனலாம், செய்தது நியாயம் எனலாம். மூன்றும் உனக்குப் பொருந்தாது என்கிறார். சட்டம் மன்னிக்கக்கூடிய காரணம் ஏதும் இருக்கிறதா என்ற நான்காவது வழியை மட்டும் திறந்து வைக்கிறார். மேனியன் தட்டித் தடவி, தனக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறான். பீக்லர் ஒரு பொய்யும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்த அறையில் ஏதோ ஒன்று நடந்துவிட்டது.

நான் வேலை பார்த்த காலத்தில், மூதூரிலிருந்து முதல் லோஞ்சில் (பயணிகள் படகில்) வந்து காத்திருப்பவர்கள் எங்கள் சேரிடம், அதாவது அந்தச் சட்டத்தரணியிடம், முதலில் கேட்டது, “ஐயா, நான் என்ன சொல்ல வேணும்?” என்றுதான். “நடந்ததைச் சொல்லுங்கோ தம்பி” என்பார் அவர். பிறகு சட்டம் எதைப் பார்க்கும் என்று விளக்குவார். அதைக் கேட்டபின் இரண்டாம் தரம் சொல்லப்படும் கதையில், நடந்தவை கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உயிருக்குப் பயந்த மனிதன் அப்படித்தான் பேசுவான்.

பீக்லரின் செயலாளர் மைடாவையும் சொல்ல வேண்டும். சம்பளம் வராமலே அந்த அலுவலகத்தை நடத்துகிறவள். ஈவ் ஆர்டன் அவளைச் சிரிப்புக்கான பாத்திரமாக்காமல் நடித்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். குடியை விட்டுவிட்டுப் பழைய தீர்ப்புகளைத் துளாவும், பீக்லரின் நண்பரான வயதான சட்டத்தரணி மக்கார்த்தியும் அப்படியே. வழக்கைத் தூக்கி நிறுத்தும் முன்தீர்ப்பு நூலகத்தில்தான் கிடைக்கிறது.

நீதிபதியாக வரும் ஜோசப் வெல்ச் நடிகரல்ல, நிஜச் சட்டத்தரணி. 1954 இல், கம்யூனிஸ்டுகளைத் தேடி வேட்டையாடிய செனட்டர் மக்கார்த்திக்கு (படத்தில் வரும் மக்கார்த்தி அல்ல) எதிரான விசாரணையில் இராணுவத்தின் பக்கம் நின்றவர். மன்றும் செட் அல்ல, மிச்சிகனின் மார்க்கெட் (Marquette) என்ற நகரின் உண்மையான நீதிமன்றம். லோராவின் உள்ளாடை பற்றிய பேச்சில் மன்று சிரிக்கிறது. ஒரு மனிதன் இறந்திருக்கிறான், இன்னொருவன் சிறைக்குப் போகலாம், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர் ஒரே ஒரு தரம் கண்டிக்கிறார். பிறகு அங்கே சத்தமே இல்லை.

லோரா விஷயத்தில் படம் இன்று உறுத்துகிறது. சட்டமா அதிபர் அலுவலகத்திலிருந்து வரும் டான்சர் (ஜோர்ஜ் சி. ஸ்கொட்) குறுக்கு விசாரணையில் அவளை உரித்து வைக்கிறார். ஆனால் கண்ணாடி போடு, அடக்கமாக உடுத்து என்று அவளை முதலில் மாற்றுவது அவளுக்காகப் பேசும் பீக்லர்தான். கெட்டிக்காரத்தனம் என்று நான் ரசித்த இடம் அது. இப்போது வயிறு எரிகிறது. கடைசிக் கட்டத்தில் திடீரென வரும் சாட்சி வசதிக்காக வைத்தது போலவும் இருக்கிறது.

கேட்டதைக் கேட்காததாக ஜூரிமார் எப்படி நினைக்க முடியும் என்று மேனியன் கேட்கிறான். முடியாது என்கிறார் பீக்லர். இங்கே இருப்பவர்களுக்கு அந்தப் பதில் வேறு மாதிரிக் குத்தும். 1996 இல் எங்கள் மாவட்டத்துக் குமாரபுரத்தில் நடந்த தமிழ்ப் பொதுமக்கள் படுகொலை, 2016 இல் அனுராதபுரத்தில் ஜூரி சபை முன் விசாரிக்கப்பட்டு, குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு இராணுவத்தினரும் விடுதலையானார்கள். ஜூரி வாங்கைக் காட்டும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவு.

மூல நாவல் 1958 இல் வெளிவந்தது. ரொபர்ட் ட்ராவர் என்ற பெயரில் எழுதிய ஜோன் வோல்கர் அப்போது மிச்சிகன் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். 1952 இல் குற்றஞ்சாட்டப்பட்டவருக்காகத் தானே வாதாடிய வழக்கைத்தான் கதையாக்கினார். நாவலில் பீக்லரே கதை சொல்கிறார், அவர் நினைப்பெல்லாம் நமக்குத் தெரியும். படத்தில் ஸ்டூவர்டின் முகம் மட்டும்தான். அதனால் படத்தை முதலில் பாருங்கள், பிறகு நாவலுக்குப் போங்கள். மாறிச் செய்தால் அந்தச் சிறைக் காட்சியில் நீங்களாகச் சந்தேகப்பட இடமிருக்காது.