சாப்பாட்டு மேசையில் ஷின்கான்சென்: காட்டோ யூனிட்ராக் எம்1 தொகுப்பு, ஒரு மதிப்பீடு

ஜப்பானின் காட்டோ நிறுவனம் விற்கும் யூனிட்ராக் எம்1 என்னும் தண்டவாளத் தொகுப்பை, மாடல் ரயிலுக்கென்று தனி அறை ஒதுக்க முடியாத எவருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். இந்தத் துறைக்குப் புதியவர்கள் முதலில் எஞ்சினைப் பார்க்கிறார்கள், பிறகு பெட்டிகளின் நிறத்தைப் பார்க்கிறார்கள், தண்டவாளத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் கருத்து. எந்த எஞ்சினைப் பிறகு மாற்றினாலும் தண்டவாளம் அப்படியே இருக்கும். நன்றாக ஓடாத ரயிலுக்குப் பாதிக் காரணம் அதன் அடியில்தான் இருக்கும்.

முதலில் அளவு பற்றிச் சொல்லிவிட வேண்டும். யூனிட்ராக்கின் இந்த வகை ‘என்’ (N) கேஜ் எனப்படும் 9 மி.மீ. அகலத் தடம். நம்மில் பலர் கண்காட்சிகளில் பார்த்திருக்கும் எச்ஓ அளவுக்கு அது 16.5 மி.மீ. ஆகவே இது ஏறக்குறையப் பாதி அளவுதான் என்றாலும், மேசை மேல் ரயில் ஓட்டுபவருக்கு அந்தப் பாதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1957-இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் 1965-இல் சி50 நீராவி எஞ்சினை என் கேஜில் வெளியிட்டது. யூனிட்ராக் 1980-களில் வந்தது. இடப்பற்றாக்குறை உள்ள வீடுகளை நினைத்து உருவாக்கப்பட்ட பொருள் என்பது அதன் ஒவ்வொரு துண்டிலும் தெரிகிறது.

எம்1 தொகுப்பில் இருப்பவை ஒரு நீள்வட்டத்துக்குத் தேவையான வளைவுகளும் நேர்த்துண்டுகளும், மின்சாரம் ஏற்றும் துண்டு ஒன்றும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும், சக்கரங்களைத் தடத்தில் ஏற்றிவிடும் சிறு பிளாஸ்டிக் சரிவும் ஆகும். ரயிலைத் தனியாக வாங்க வேண்டும். ரயிலோடு சேர்ந்தே வேண்டுமென்றால் ஸ்டார்ட்டர் செட் என்ற பெயரில் அதுவும் கிடைக்கிறது. ஒவ்வொரு தடத்துண்டும் சாம்பல் நிற ஜல்லிப் படுகை போல வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் அடித்தளத்தோடு ஒன்றாகவே வருகிறது. அதன் அகலம் 25 மி.மீ. அதன் மேல் பழுப்பு நிற ஸ்லீப்பர்கள், அவற்றின் மேல் நிக்கல் சில்வர் உலோகத்தாலான தண்டவாளங்கள். ஆணி, பசை, கார்க் தாள் எதுவும் தேவையில்லை.

இந்தத் தொகுப்பின் உயிர்நாடி அதன் இணைப்பியில் இருக்கிறது. துண்டின் முனையைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தால், தண்டவாளத்தின் அடியில் சிறிய பிளாஸ்டிக் கொக்கி ஒன்று செருகப்பட்டிருப்பது தெரியும். யூனிஜாயினர் என்பது அதன் பெயர். அதற்குள் தண்டவாளத்தின் அடிப்பகுதியைக் கவ்விக்கொள்ளும் மெல்லிய உலோகத் தகடு மறைந்திருக்கிறது. மின்சாரத்தைக் கடத்துவது அந்தத் தகட்டின் வேலை; துண்டுகளை விலகாமல் பிடித்துக்கொள்வது கொக்கியின் வேலை. பழைய பாணித் தடங்களில் இந்த இரண்டையும் ஒரே தகரத் துண்டு செய்தாக வேண்டும் என்பதால், சில முறை கழற்றி மாட்டியதும் அது தளர்ந்துபோய், ரயில் ஒவ்வொரு மூட்டிலும் தயங்கித் தயங்கிப் போகும். இங்கே இரு துண்டுகளையும் சமதளத்தில் நேருக்கு நேர் வைத்து அழுத்தினால் 'டக்' என்று ஒலி கேட்கும். அந்த ஒலி கேட்கவில்லை என்றால் இணைப்பு முழுமையாகவில்லை என்று பொருள். பிறகு மூட்டின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் எங்கே இடறுகிறதோ அங்கே தண்டவாளம் கொக்கிக்குள் போகாமல் அதன் மேல் ஏறி நிற்கிறது. பிரிக்கும்போது மூட்டுக்கு மிக அருகில் இரு பக்கமும் பிடித்து நேராக இழுக்க வேண்டுமே தவிர, துண்டின் மறுமுனையைப் பிடித்து வளைத்து இழுக்கக் கூடாது. யூனிஜாயினர் தேய்ந்தால் அதை மட்டும் கழற்றிப் புதியதைச் செருகிக்கொள்ளலாம். தனிப் பாக்கெட்டாகவே விற்கிறார்கள்; தொகுப்போடு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

துண்டுகளின் அளவுகளில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அடிப்படை நேர்த்துண்டு 248 மி.மீ.; அதில் பாதி 124, கால் பங்கு 62. வளைவுகளின் ஆரம் 249, 282, 315, 348 என்று 33 மி.மீ. இடைவெளியில் ஏறிக்கொண்டே போகிறது. இரட்டைத் தடம் போட்டால் இரு தடங்களின் மையங்களுக்கு இடையே வரும் தூரமும் அதே 33 மி.மீ. தான். எம்1-இல் வருவது 315 மி.மீ. ஆரமுள்ள, 45 பாகை வளைவுகள்; எட்டு சேர்ந்தால் முழு வட்டம். பக்கத்துக்கு இரண்டு 248 துண்டுகள் என்று வைத்துக்கொண்டால், நீள்வட்டத்தின் மொத்தச் சுற்று ஏறக்குறைய 2.97 மீட்டர், மேசையில் அது பிடிக்கும் இடம் 1.15 மீட்டருக்கு 66 செ.மீ. நான்கு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசையில் இது அடங்கிவிடும்.

அடங்காதது ரயில்தான். ஷின்கான்சென் என்பது ஜப்பானின் அதிவேகப் புல்லட் ரயில். டோக்கியோவையும் ஒசாகாவையும் இணைக்கும் டோக்காய்டோ தடத்தில் ஓடும் அதன் என்700எஸ் ரகம் 16 பெட்டிகள் கொண்டது; பெட்டி 25 மீட்டர் என்றால் மொத்தம் 400 மீட்டர். ஷின்கான்சென் மாடல்கள் 1:160 விகிதத்தில் செய்யப்படுவதால் முழு ரயிலும் 2.5 மீட்டர் நீளம் வரும். அதாவது 2.97 மீட்டர் சுற்றில் அந்த ரயிலை விட்டால் அரை மீட்டர்தான் மிச்சம்; மற்ற இடம் முழுவதையும் ரயிலே அடைத்துக்கொண்டு தன் வாலைத் தானே துரத்தும். எட்டுப் பெட்டிகளுக்கு மேல் இந்த வட்டத்தில் விடுவது அழகாக இருக்காது என்பது என் எண்ணம். நான்கு பெட்டிகளுக்கு இது மிகப் பொருத்தம். வேகமும் அப்படித்தான். உண்மை ரயிலின் உச்ச வேகமான மணிக்கு 285 கி.மீ.யை அதே விகிதத்தில் குறைத்தால் நொடிக்கு அரை மீட்டர் வருகிறது; ஆறே நொடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். கட்டுப்பாட்டுக் குமிழை அதற்கு மேல் திருப்புபவர்கள் ஷின்கான்செனை ஓட்டவில்லை, ராட்டினம் சுற்றுகிறார்கள்.

வளைவைப் பற்றியும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. டோக்காய்டோ தடத்தின் வளைவுகள் பொதுவாக 2,500 மீட்டர் ஆரத்தை அடிப்படையாகக் கொண்டவை. 160-ஆல் வகுத்தால் 15.6 மீட்டர். அப்படி ஒரு வளைவுக்குத் திருமண மண்டபம் வேண்டும். எந்த மாடல்காரரும் இந்த இடத்தில் சமரசம் செய்துகொள்கிறார், காட்டோவும் செய்துகொண்டிருக்கிறது. அதன் விளைவு என்னவென்றால், 156 மி.மீ. நீளமுள்ள பெட்டி 315 மி.மீ. வளைவில் திரும்பும்போது நடுப்பகுதி உட்புறமாக ஏறக்குறைய 5 மி.மீ. நகர்கிறது, முனைகள் அதே அளவுக்கு வெளிப்புறம் தள்ளுகின்றன. உள்ளே 282 ஆரத்தில் இன்னொரு தடம் போட்டு, இரண்டிலும் ஷின்கான்சென் பெட்டிகளை எதிரெதிராக விட்டால், மிக நெருங்கும் இடத்தில் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 2 மி.மீ. இடைவெளிதான் கணக்கில் எஞ்சுகிறது. உரசாது என்றாலும் பார்ப்பவருக்கு அடிவயிறு கலங்கும். இடம் இருப்பவர்கள் 381, 414 ஆரங்களில், உண்மைத் தடத்தைப் போல வெளிப்பக்கம் சற்றே உயர்த்தப்பட்ட இரட்டைத் தட வளைவுகளை வாங்கலாம். அவற்றில் ரயில் உட்புறம் சாய்ந்து திரும்பும் அழகுக்காகவே பெரிய மேசை வாங்கியவர்கள் உண்டு.

விகிதம் பற்றி ஒரு நுணுக்கம். ஷின்கான்சென் தடம் 1435 மி.மீ. அகலம், அதை 160-ஆல் வகுத்தால் 9 மி.மீ.க்கு மிக அருகில் வருகிறது, எனவே அந்த மாடல்கள் தடத்தில் சரியாகப் பொருந்துகின்றன. ஜப்பானின் பிற தடங்களில் பெரும்பாலானவை 1067 மி.மீ.; அவற்றின் மாடல்களை 1:150 விகிதத்தில் செய்தாலும் தடம் 7.1 மி.மீ. தான் இருந்திருக்க வேண்டும். ஆகவே அந்த நீராவி எஞ்சின்களை முன்பக்கமிருந்து பார்த்தால் கால்களை அகட்டி நிற்பது போலத் தெரியும். இந்திய அகலப்பாதையான 1676 மி.மீ.யோ இதற்கு நேர்மாறு: 1:160-இல் அதற்கு 10.5 மி.மீ. வேண்டும். நம் ஊர் எஞ்சினைச் சொந்தமாகச் செய்து இந்தத் தடத்தில் ஓட்ட விரும்புபவர் ஒடுங்கிய கால்களோடு அதைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

நீள்வட்டத்தில் ரயில் சுற்றுவது விரைவில் அலுத்துவிடும் என்பது உண்மை. அதற்கு மருந்து, ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் பாயின்ட். யூனிட்ராக்கில் நான்காம் எண், ஆறாம் எண் என இரண்டு முக்கிய வகைகள் இருக்கின்றன. முதலாவதன் ஆரம் 481 மி.மீ., இரண்டாவதன் ஆரம் 718 மி.மீ. இரண்டிலும் கிளைத்தடம் 15 பாகையில் பிரிகிறது. தடத்தை மாற்றும் மின்காந்தச் சுருள் ஜல்லிப் படுகைக்குள்ளேயே ஒளிந்திருப்பதால், மேசையில் துளை போட்டு அடியில் மோட்டார் பொருத்தும் வேலை இல்லை. ஆறாம் எண் பாயின்ட் தான் திறந்துவிட்ட திசையில் மட்டுமே மின்சாரத்தை அனுப்புகிறது. லூப் லைனில் நிற்கும் ரயில் தானாகவே அசையாமல் நிற்க, மெயின் லைனில் மற்றொன்று ஓடும். தனி சுவிட்ச் ஏதும் வேண்டாம். நான்காம் எண்ணில் இதை அடிப்பக்கத்துத் திருகுகளால் தேர்ந்துகொள்ளலாம். அது இடத்தை மிச்சப்படுத்துகிறது, ஆனால் சக்கரங்களின் இடைவெளி துல்லியமாக இல்லாத வண்டிகளிடம் கொஞ்சம் கண்டிப்பாக நடந்துகொள்ளும் என்ற பேச்சு ஆர்வலர்களிடையே நெடுநாளாக உண்டு. 6 செ.மீ. கூடுதல் நீளம் மேசையில் கிடைக்குமானால் ஆறாம் எண்ணையே வாங்குங்கள்.

குறைகளுக்கு வருகிறேன். ஜல்லிப் படுகை உள்ளீடற்றது. வெறும் மர மேசையில் ஓட்டினால் மத்தளம் போல் அதிரும். அடியில் மெல்லிய ஃபோம் விரிப்பு போட்டால் சத்தம் பெரிதும் அடங்கும். கம்பளத்தின் மேல் மட்டும் ஒருபோதும் ஓட்டக் கூடாது, நூலிழைகள் அச்சில் சுற்றிக்கொண்டு பல்சக்கரங்களைப் பதம் பார்த்துவிடும். அடுத்தது தோற்றம். தண்டவாளத்தின் உயரம் 2 மி.மீ.; விகிதப்படி உண்மையில் அது 32 செ.மீ. உயரத் தண்டவாளம் ஆகிறது. ஜல்லியும் ஒரே நிறத்தில், கழுவித் துடைத்து வைத்தது போல் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஸ்டேஷனை அச்சு அசலாக உருவாக்க விரும்புபவர், விரும்பியபடி வளைக்கக்கூடிய இங்கிலாந்தின் பீக்கோ தடத்தை வாங்கி, கார்க் ஒட்டி, ஜல்லித் தூள் தூவி உழைப்பதே சரி. துண்டுகளின் அளவு முன்பே நிர்ணயிக்கப்பட்டது என்பதால், மனத்தில் தோன்றும் வளைவை இங்கே போட முடியாது, பட்டியலில் உள்ள வளைவைத்தான் போட முடியும். ஜப்பானிலேயே போட்டியாளரான டோமிக்ஸ், 103, 140 மி.மீ. போன்ற மிகச் சிறிய ஆரங்களிலும் தடம் விற்கிறது. டிராம் வண்டியோ ஒற்றைப் பெட்டி ரயிலோ புத்தக அலமாரியில் ஓட்ட நினைப்பவர் அதையும் பார்க்கலாம். அதன் இரட்டைத் தட இடைவெளி 37 மி.மீ. என்பதாலும் இணைப்பி வேறு என்பதாலும் இரண்டையும் கலந்து வாங்குவது வீண் தலைவலி.

இந்தியாவில் வாங்குபவர் கவனிக்க வேண்டியது மின்சாரம். ஜப்பானில் விற்கும் தொகுப்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்நாட்டின் 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் அதை நேராகச் செருகினால் அதோடு கதை முடிந்தது. தக்க ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். அல்லது தண்டவாளத்தை மட்டும் தனியாக வாங்கி, ரயிலுக்குத் தேவையான 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தை (டி.சி.) தரும் வேறொரு கட்டுப்பாட்டுக் கருவியைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவதே எனக்கு உகந்ததாகப் படுகிறது, பாரமும் சுங்க வரியும் குறையும். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் தண்டவாளத்தின் மேல் கருமை படிவது இயல்பு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பருத்தித் துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல்களில் அழுக்கு முன்னிலும் வேகமாக ஏறும்.

இந்தத் தடத்துக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு என்பதால்தான் விலையைப் பற்றி நான் அதிகம் முணுமுணுப்பதில்லை. டி-டிராக் என்று ஒரு முறை இருக்கிறது. ஜப்பானில் தோன்றி, பிறகு அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பரவியது. ஆளுக்கொரு சிறு மரப்பெட்டியின் மேல் தமக்குப் பிடித்த காட்சியை, வயலோ மீன் சந்தையோ, அமைத்துக்கொண்டு வருவார்கள். மடக்கு மேசைகளின் மேல் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யூனிஜாயினரால் மாட்டினால் அரங்கம் முழுவதும் ஒரே இரட்டைத் தடம் ஓடும். பெட்டியின் நீளம் 308 மி.மீ.; அதன் மேல் 248-உம் 62-உம் சேர்ந்த 310 மி.மீ. தடம். இரு பக்கமும் 1 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், மரம் மரத்தோடு மோதுவதற்கு முன்பே தடம் தடத்தோடு சேர்ந்துவிடுகிறது. தச்சு வேலையில் சிறு பிசகு இருந்தாலும் ரயில் பொருட்படுத்தாது. முன்பின் அறியாதவர்கள் செய்துகொண்டுவந்த பெட்டிகள் காலையில் ஒன்று சேர்ந்து மாலையில் பிரிவதற்கு, கழற்றி மாட்டுவதற்கென்றே செய்யப்பட்ட இந்த இணைப்பிதான் ஆதாரம். மூலைப் பெட்டிகளில் வெளித்தடத்துக்கு 315 ஆரமும் உள்தடத்துக்கு 282 ஆரமும் பயன்படுகின்றன. எனவே எம்1 வாங்கியவர் இரண்டாவது வட்டம் போட நினைக்கும்போது 282 வளைவுகளையே தேர்ந்தெடுப்பது நல்லது. வீட்டு மேசையிலும் உதவும், பின்னாளில் நண்பர்களோடு சேர்ந்து மூலைப் பெட்டி செய்ய நேர்ந்தால் அதற்கும் அதே துண்டுகள் போதும்.