பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர்: அலையைத் துடைக்கும் கண்ணாடி

ஆழியாறு நீர்த்தேக்கத்தில் ஒற்றைப் பாறையும் வெறும் நீரும் மட்டும் இருக்கும்படி கறுப்பு வெள்ளைப் படம் எடுக்க நினைத்தால், கெடுப்பது சிற்றலைதான். வெயிலில் மினுங்கிப் பாறையிலிருந்து கண்ணை இழுத்துவிடும். அதைத் துடைத்து நீரைப் பால்போல ஆக்குவதில், லென்ஸ் முன் மாட்டும் கருங்கண்ணாடியான பத்து ஸ்டாப் என்டி ஃபில்டருக்கு ஈடில்லை.

ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும். பத்து ஸ்டாப்பில் இது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப் 11 துவார அளவில் 1/30 நொடி போதுமான விடியல் வெளிச்சத்துக்கு, இதை மாட்டியபின் சுமார் 33 நொடி வேண்டும். பல கேமராக்கள் 30 நொடியோடு நின்றுவிடும். அதனால் ஷட்டரை வேண்டிய நேரம் திறந்து வைக்கும் பல்ப் முறையும் ரிமோட்டும் அவசியம். ஃபோகஸை முதலில் முடித்து, மேனுவலுக்கு மாற்றிய பிறகே ஃபில்டரைத் திருக வேண்டும். உள்ளே கண்ணாடியுள்ள டிஎஸ்எல்ஆர் கேமரா என்றால், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். பின்னாலிருந்து புகும் வெளிச்சம் படத்தில் வெளிறிய பட்டையாக விழும்.

மலிவான கண்ணாடியில் வரும் பழுப்புச் சாயம் கறுப்பு வெள்ளையில் பெரிய குறையல்ல. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தடுக்காததுதான் ஆபத்து: இலை வெளிறும், அடர் கறுப்பு சாம்பலாகும். வளையத்தைத் திருப்பி இருட்டின் அளவை மாற்றும் வகையும் வேண்டாம். அகல லென்ஸில் முழு இருட்டுக்குத் திருப்பினால் வானத்தில் பெருக்கல் குறிபோல நிழல் விழுகிறது.

கொங்கு நாட்டில் இதற்கு உண்மையான சோதனை ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் அந்த வேகத்தில் ட்ரைபாட் நடுங்கினால் 33 நொடியும் வீண். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள். பையை ட்ரைபாட் கொக்கியில் மாட்டினால் அது தரையைத் தொட வேண்டும். தொங்கி ஆடினால் நடுக்கம் கூடும். ஆனால் படத்துக்கு அதே காற்றுதான் வரம்! தாராபுரம் பக்கத்து மேட்டுக்காட்டில் தனிப் பனை ஒன்றை எடுத்துப் பாருங்கள். தண்டு கூர்மையாக நிற்க, ஓலை புகையாகும், மேகம் கோடாக இழுபடும். காற்று ஓய்ந்த நாளில் அந்த மேகக்கோட்டுக்கு இரண்டு நிமிடமாவது திறந்து வைக்க வேண்டியிருக்கும்.

வாங்கும்போது உங்களிடமுள்ள பெரிய லென்ஸின் அளவுக்கே வாங்கி, சின்ன லென்ஸில் அதைப் பொருத்த ஸ்டெப்-அப் வளையம் போடுங்கள். யூவி ஃபில்டர்மேல் இதை மாட்டினால் அகல லென்ஸில் மூலைகள் கறுக்கும். மரை இறுகிக்கொண்டால் அழுத்திப் பிடிக்காதீர்கள், வளையம் நெளிந்து இன்னும் இறுகும். விளிம்பில் ரப்பர் பேண்டைச் சுற்றி மெல்லத் திருகினால் கழன்று வரும்.